இடப்பக்கத்துக் கடல்குதிரை

அந்தப் புதன்கிழமை மழையைப் பற்றிப் பேசுவதில்லை என்று ரோவல் ரோடு வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லிவைக்கவில்லை. ஆனாலும் பதினாறு நாட்களாக யாரும் பேசவில்லை.

அன்று பள்ளிக்கூட வாசலில் எட்டு வயது மேரி ஒன்றே முக்கால் மணி நேரம் நனைந்துகொண்டு நின்றாள். கூட்டிவர வேண்டிய அப்பா சிலுவைராஜ், ஜாலான் புசார் ஹார்ட்வேர் கடையில் உட்கார்ந்து யாருடைய சாவிக்கோ அரம் போட்டுக்கொண்டிருந்தார். மறந்தேபோனார். வீட்டுக்கு வந்ததும் பிரிஜட் பிள்ளையின் எதிரிலேயே அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டாள்.

"வேணும்னேதான் மறக்கிறீங்க. அக்கறை இருந்தா எப்படி மறக்கும்?"

சிலுவைராஜ் துண்டை எடுத்து மேரியின் தலையைத் துவட்டினார். மறுநாள் காலையில், "இனிமே மேரியை நான் கூட்டிவர வேணாம் பிரிஜட். என்னை நம்பாதே" என்றார். அதைச் சண்டையாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. தூக்கம் கலைந்தவரைப் போல மெதுவாகச் சொன்னார். அதுதான் அவளைப் படுத்தியது.

அவருக்கு வலிப்பு உண்டு. கீழே விழுந்து கைகால் துடிக்கிற வகை இல்லை. பேசிக்கொண்டே இருப்பார், கண் ஒரு புள்ளியில் நின்றுவிடும், வாய் எதையோ மெல்லும், விரல் சட்டைப் பொத்தானைத் திருகும். ஒரு நிமிடம்தான். திரும்பி வந்து, "என்ன கேட்டே?" என்பார். ஐந்து வருடத்துக்கு முன்னால் சிடி ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் தெரியவில்லை என்று முடிவு வந்தது. அன்றிலிருந்து அவருடைய மறதிக்கு உறவு சனம் வைத்த பெயர் 'கவனமில்லாமை'.

இன்றைக்கு ஆஸ்பத்திரியில் வேறொரு இயந்திரம். புதிது. மண்டைக்குள் இருப்பதைக் காந்தத்தால் படம் எடுக்குமாம்.

காலை ஏழு மணிக்கே செம்பவாங்கிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள் சிலுவைராஜின் அக்கா அல்போன்சம்மாள். வந்ததும் தம்பியின் கழுத்தைத் தடவினாள், காலரைச் சரிசெய்தாள், நெற்றியில் சிலுவை போட்டாள்.

"மதினி, ஸ்கேனுக்குப் போறார் லா, போருக்கா போறார்?" என்றாள் பிரிஜட்.

"உனக்கென்ன தெரியும்?" என்றாள் அல்போன்சம்மாள். ஏனோ தம்பி மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பாக்கியலட்சுமிக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. ஸ்கேனுக்கு முன்னால் ஒரு சின்ன விளையாட்டு என்று சொல்லி சிலுவைராஜை எதிரே உட்காரவைத்தார்.

"பத்து வார்த்தை சொல்வேன். ஞாபகம் வச்சுக்குங்க. குடை, மணி, வாழை, ஏணி, தபால், சட்டி, படகு, ஊஞ்சல், மிளகு, கதவு."

மூன்று முறை சொன்னார். பிறகு ஒரு அட்டையைக் காட்டினார். செவ்வகம், அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், மூலையில் மூன்று புள்ளி வைத்த வட்டம், வெளியே தொங்கலாய் ஒரு சின்னச் சிலுவை. ஒரு முறை பார்த்து வரையச் சொன்னார். பிறகு இரண்டையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

"ஸ்கேன் முடிஞ்சு வந்ததும் கேப்பேன்."

"வார்த்தையெல்லாம் இப்பவே போயிடுச்சு டாக்டர்" என்றார் சிலுவைராஜ். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிரிஜட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஸ்கேன் அறையைப் பார்த்துக்கொண்டவர் காதர் மைதீன். நாற்பது வயது, ஒல்லி, பேச ஆள் கிடைத்தால் விடாதவர்.

"அண்ணே, சாவி வெட்டுற வேலைன்னு ஃபாரத்துல போட்டிருக்கீங்க. அதான் போன வாரம் கண்ணை எக்ஸ்ரே எடுத்தோம். கண்ணுக்குள்ள பொடி இரும்பு ஒண்ணு இருந்தாலும் இந்தக் காந்தம் அதை இழுத்துப்புடும். உங்க கண்ணு சுத்தம். வாட்ச், பெல்ட், மோதிரம், சில்லறை எல்லாம் கழட்டுங்க."

சிலுவைராஜ் கழற்றினார். ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிக்கொண்டார். கழுத்தில் உத்தரியம் மட்டும் இருந்தது. பழுப்புத் துணியில் இரண்டு சின்னச் சதுரம், நூல் கயிற்றில் கோத்தது. ஒன்று நெஞ்சில், ஒன்று முதுகில். பூசை வைத்துப் போட்டுக்கொண்டது, குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டார்.

"இது துணிதானே?" என்றார் காதர்.

"துணிதான்."

"அப்ப இருக்கட்டும்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம், திரைக்கு முன்னால், பிரிஜட்டுக்கும் அல்போன்சம்மாளுக்கும் ஆளுக்கொரு ஸ்டூல் போட்டார். அந்தப் பக்கம் சிலுவைராஜ் பெரிய வெள்ளைக் குழாய்க்குள் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தார். கடைசியில் பாதம் மட்டும் தெரிந்தது.

"எப்படித்தான் உள்ள இருக்கறதைப் படம் எடுக்குதோ" என்றாள் பிரிஜட். வாய் சும்மா இருந்தால் பயம் வந்துவிடும் போலிருந்தது.

காதருக்கு அது போதும்.

"நம்ம உடம்பு பெரும்பகுதி தண்ணிதாம்மா. அந்தத் தண்ணிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பம்பரம் கோடி கோடியா சுத்துது, ஆளுக்கொரு பக்கமா சாஞ்சுக்கிட்டு. காந்தம் என்ன செய்யும்? பள்ளிக்கூடத்து அசெம்பிளி மாதிரி வரிசையா நிக்க வைக்கும். அப்புறம் ரேடியோ அலையால லேசா ஒரு தட்டு. எல்லாம் சாயும். தட்டுறதை நிறுத்தினா மறுபடி எழும்பும். எழும்பும்போது ஒவ்வொண்ணும் ஒரு சின்ன சமிக்ஞை குடுக்கும். நல்ல சதைல ஒரு வேகத்துல எழும்பும், தழும்புல வேற வேகத்துல எழும்பும். அந்த வித்தியாசத்தைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் படமாக்கும்."

உள்ளே டக், டக், டக் என்று யாரோ சுத்தியலால் அடிக்கிற சத்தம்.

"அந்தச் சத்தம்?"

"உள்ள கம்பிச் சுருள் இருக்கு. கரண்ட் மாறி மாறிப் போறப்ப அதிருது. அதுக்கு அவ்வளவுதான் அர்த்தம், பயப்படாதீங்க."

முதல் படம் திரையில் மேலிருந்து கீழாக இறங்கியது. நெற்றி வந்தது, கண் வந்தது. பின்பக்கம் வந்தபோது பிரிஜட் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டாள்.

பிடரிக்கு மேல், தலையின் கீழ்ப்பாதியை விழுங்கிக்கொண்டு, கன்னங்கரேலென்று ஒரு பள்ளம்.

"ஏசுவே" என்றாள் அல்போன்சம்மாள்.

"கட்டியா?" என்றாள் பிரிஜட். "சொல்லுங்க, கட்டிதானே?"

காதர் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார், மறுபக்கம் சாய்த்தார். முகத்தில் கவலைக்குப் பதில் சந்தேகம் வந்தது.

"அம்மா, பதறாதீங்க. ஓரத்தைப் பாருங்க, வெள்ளையா வளைஞ்சு பிதுங்குது. மண்டையோட்டுக் கோடே நெளிஞ்சு போச்சு. எந்தக் கட்டியும் எலும்பை இப்படி நெளிக்காது. இது இரும்பு. வரிசையா நிக்கிற பம்பரத்துக்கு நடுவுல ஒரு போக்கிரி புகுந்து அத்தனையையும் கலைச்சு விட்டிருக்கான்."

இயந்திரத்தை நிறுத்தி உள்ளே ஓடினார். சிலுவைராஜ் வெளியே வந்தார், தலைமுடி கலைந்து.

"அண்ணே, பின்னங்கழுத்துல ஏதாவது தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சே! உத்தரியம் என்னை இழுத்துச்சு. மாதா கூடவே இருக்காங்கன்னு நினைச்சு அசையாம கிடந்தேன்."

காதர் உத்தரியத்தை வாங்கினார். முதுகுச் சதுரத்தின் தையல் ஓரமாகப் பிரிந்து, உள்பக்கமாக மடித்து மூடப்பட்டிருந்தது. கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இயந்திரத்தின் பக்கம் லேசாகத் திருப்பினார். அந்தத் துணிச் சதுரம் எழுந்தது. எழுந்து, கயிறு விறைக்க, குழாயின் வாயைப் பார்த்தபடி காற்றில் கிடைமட்டமாக நின்றது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பிரிஜட் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"மதினி?"

அல்போன்சம்மாள் முந்தானையைச் சுருட்டினாள்.

"அந்தோனியார் சுரூபம். காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவர் அவர்தானே. இவனுக்கு ஞாபகம்தானே காணாமப் போச்சு? காலைல கழுத்தைத் தடவறப்ப துணிக்குள்ள வச்சு ஒரு ஊக்கு குத்தி விட்டேன். கவனமாத்தான் குத்தினேன். உன் தையல் டப்பால எடுத்த ஊக்குதான்."

காதர் வெளியே வந்து மடிப்பைப் பிரித்தார். உள்ளே விரல் நகத்தளவு அந்தோனியாரும், பிரிஜட் ரவிக்கைக்கு வைத்திருக்கும் குட்டி ஊக்கும் இருந்தன.

"சுரூபம் அலுமினியம். காந்தம் அவரைச் சீண்டாது. அந்தோனியார் மேல ஒரு தப்பும் இல்ல" என்றார் காதர், தீர்ப்புச் சொல்கிறவர் மாதிரி. "குத்தவாளி ஊக்குதான். பிரிச்சுப் பாக்காம விட்டது என் தப்பு."

பிரிஜட்டுக்கு முதலில் அழுகைதான் வந்தது. வருகிற வழியில் அது சிரிப்பாகிவிட்டது. பதினாறு நாளில் முதல் சிரிப்பு. கண்ணாடி வழியே சிலுவைராஜ் அதைப் பார்த்தார். என்னவென்று புரியாமலே அவரும் சிரித்தார்.

இரண்டாவது முறை படம் பளிச்சென்று வந்தது.

டாக்டரின் அறைக்குத் திரும்பியபோது மணி பதினொன்றரை.

"வார்த்தை சொல்லுங்க" என்றார் பாக்கியலட்சுமி.

சிலுவைராஜ் யோசித்தார். "குடை." நெற்றியைத் தேய்த்தார். "கதவு… இல்ல, ஜன்னலா?" அவ்வளவுதான்.

"சரி. அந்தப் படத்தை வரைங்க."

பென்சிலை எடுத்தார். செவ்வகம் வந்தது. கோடு கோடாக வந்தது. வட்டம், மூன்று புள்ளி, வெளியே தொங்கும் சிலுவை. கை ஒரு இடத்திலும் தயங்கவில்லை. முடித்தபின் ஒரு புள்ளியை அழித்து, சற்றுக் கீழே வைத்தார்.

"மூணாவது புள்ளி கொஞ்சம் இறங்கி இருந்துச்சு டாக்டர்."

டாக்டர் அட்டையை எடுத்துப் பார்த்தார். அச்சில் அது இறங்கித்தான் இருந்தது. இத்தனை நாள் அந்த அட்டையை வைத்திருந்தும் அவர் அதைக் கவனித்ததில்லை.

பிரிஜட்டுக்குக் கடை ஞாபகம் வந்தது. ஆயிரம் இழுப்பறை இருக்கும். எந்தத் திருகாணியையும் பெயர் சொல்லமாட்டார், "அந்த இது" என்பார். ஆனால் எது எந்த இழுப்பறை என்று கை நேராகப் போகும். கடை முதலாளியான தவுக்கே அதற்காகவே இவரை வைத்திருக்கிறார்.

டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் செருகினார்.

"காதுக்கு நேர் உள்ள, ரெண்டு பக்கமும், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பாகம் இருக்கு. பாக்கக் கடல்குதிரை மாதிரி வளைஞ்சிருக்கும், பேரே அதுதான். இன்னைக்கு நடக்கிறதை நாளைக்கு ஞாபகமா மாத்தறது இந்த ரெண்டு குதிரையும்தான். வலப்பக்கம் பாருங்க, கொழுகொழுன்னு இருக்கு. இடப்பக்கம்?"

பிரிஜட் எழுந்து பக்கத்தில் போனாள். இடப்பக்கம் மெலிந்திருந்தது. மற்றதைவிட வெளுப்பாக ஒளிர்ந்தது.

"சின்னதா இருக்கு. சாப்பாடு கிடைக்காதது மாதிரி."

"அதேதான். அது தழும்பு. வலிப்பு அங்கிருந்துதான் கிளம்புது. பொதுவா இடப்பக்கக் குதிரை வார்த்தை, பேரு, சொல்லி வச்ச விஷயத்தை எல்லாம் சுமக்கும். வலப்பக்கம் உருவம், வழி, இடம். எல்லாருக்கும் இப்படியே இருக்கும்னு சொல்ல முடியாது. ஆனா இவர் குடுத்த பதிலும் இந்தப் படமும் ஒண்ணை ஒண்ணு ஒத்துப்போகுது."

"அஞ்சு வருஷம் முன்னாடி ஒண்ணுமில்லைன்னு சொன்னாங்களே?"

"அவங்க பொய் சொல்லல. சிடி ஸ்கேன் எக்ஸ்ரேயால எடுக்கிறது. எலும்பு, ரத்தக்கசிவு நல்லாத் தெரியும். இந்த இடம் எலும்புக்கு நடுவுல பதுங்கி இருக்கு, தழும்பும் சின்னது. அதால பிரிச்சுப் பாக்க முடியல." டாக்டர் நாற்காலியைத் திருப்பினார். "இன்னொண்ணும் சொல்றேன். படம் ஞாபகத்தைக் காட்டாது. ஞாபகம் பதியற இடத்தைத்தான் காட்டும். மறதிக்கு அடிக்கடி வர்ற வலிப்பும் ஒரு காரணம், மாத்திரையும் கொஞ்சம் காரணம். ஆனா அக்கறை இல்லாததால மறக்கிறார்னு யாராவது சொன்னா, இந்தப் படத்தைக் காட்டுங்க."

யாராவது. பிரிஜட்டுக்குக் காது சுட்டது.

"நான்தான் சொன்னேன் டாக்டர்" என்றாள். டாக்டரைப் பார்த்து ஆரம்பித்த பேச்சை நடுவில் கணவர் பக்கம் திருப்பினாள். "பிள்ளை எதிரிலேயே சொன்னேன். தப்புங்க."

சிலுவைராஜ் விளக்குப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்த அந்தக் குதிரையை விரலால் தொட்டார்.

"நானே அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன் பிரிஜட்" என்றார். "எனக்கே அக்கறை இல்லியோன்னு."

டாக்டர் கொஞ்ச நேரம் பேனாவோடு விளையாடிவிட்டு, "ஒரு கேள்வி. சின்னக் குழந்தையா இருக்கிறப்ப கடுமையான காய்ச்சல் வந்து, ரொம்ப நேரம் வலிப்பு வந்ததுண்டா? இந்த மாதிரித் தழும்பு உள்ள சில பேருக்கு அப்படி ஒண்ணு நடந்திருக்கும்" என்றார்.

சிலுவைராஜ் அக்காவைப் பார்த்தார். அம்மா அப்பா போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அவரைவிடப் பதினோரு வயது மூத்தவள் அவள்தான்.

"அப்படி ஒண்ணும் இல்ல" என்றாள் அல்போன்சம்மாள்.

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. உத்தரியக் கயிறு அவள் விரலைச் சுற்றிச் சுற்றி, விரல் நுனி வெளுத்துப்போயிருந்ததை பிரிஜட் பார்த்தாள்.

"சரி, யோசிச்சுப் பாருங்க" என்றார் டாக்டர். "மாத்திரையை மாத்தித் தரேன். ஞாபகம் வைக்க வேண்டியதை இனிமே வார்த்தையா வைக்காதீங்க. படமா வைங்க. நல்ல குதிரை மேல சுமையை ஏத்துங்க."

பஸ் செலிகி ரோட்டில் நின்றபோது மணி பன்னிரண்டு நாற்பது. மேரிக்கு ஒரு மணிக்குப் பள்ளி விடும்.

"நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க" என்றாள் பிரிஜட்.

"நானா?"

"பின்ன, காதர் மைதீனா?"

"வழியில வந்துடுச்சுன்னா?"

"ஒரு நிமிஷம் நிப்பீங்க. அப்புறம் உள்ளங்கையைப் பாப்பீங்க." பர்சிலிருந்து பால்பாயிண்ட் பேனாவை எடுத்து நீட்டினாள். "வரைங்க."

நடைபாதையிலேயே நின்று இடது உள்ளங்கையில் வரைந்தார். பெரிய முள் பன்னிரண்டிலும் சின்ன முள் ஒன்றிலும் நிற்கும் கடிகாரம். கம்பிக் கதவு. கதவுக்குப் பக்கத்தில் இரட்டைப் பின்னல். ஒரு பின்னல் மட்டும் அவிழ்ந்திருந்தது, மேரிக்குத் தினமும் அவிழ்கிற மாதிரியே.

"பின்னாடியே வரமாட்டியே?"

"மாட்டேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது அவ்வளவு லேசாக இல்லை. ஐந்தாவது மாடித் தாழ்வாரத்தில் நின்று ஜாலான் புசார் முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று பத்து. ஒன்று இருபது. கீழே ஒரு லாரி வந்து இரும்புக் குழாய்களை இறக்கிவிட்டுப் போனது. ஒன்று இருபத்தைந்து. நடந்தால் பன்னிரண்டு நிமிட வழி.

"நான் போய்ப் பாக்கட்டுமா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். கால் ஒரு அடி எடுத்தது. "இல்ல. சொல்லியிருக்கேன்."

பக்கத்தில் அல்போன்சம்மாள் வந்து நின்றாள். பிரிஜட்டின் கையைப் பிடித்து, அந்தோனியாரையும் ஊக்கையும் அதற்குள் வைத்தாள்.

"இதை எதுக்கு அவன் கழுத்துல மாட்டினேன்னு நீ கேக்கவே இல்ல."

"அதான் சொன்னீங்களே மதினி. காணாமப் போனதைக் கண்டுபிடிக்க."

"அது பாதி." அவள் தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "டாக்டர் காய்ச்சலைப் பத்திக் கேட்டாங்கள்ல? அப்ப செம்பவாங் குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். இவனுக்கு ஒண்ணரை வயசு. அம்மா வேலைக்குப் போயிருந்தாங்க. அன்னைக்கு வீட்டுல இவனைப் பாத்துக்கிட்டிருந்தது நான்தான் பிரிஜட். காய்ச்சல்ல ரொம்ப நேரம் வலிப்பு இழுத்துச்சு, இன்னை வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. நான் அப்ப—"

லிஃப்ட் கதவு திறந்தது.

"அம்மா!" மேரி தாழ்வாரம் முழுக்கக் கேட்கக் கத்திக்கொண்டு ஓடி வந்தாள். "அப்பா மண்டைக்குள்ள கடல்குதிரை இருக்காம்! ரெண்டு! சீன மருந்துக்கடை ஜாடில காட்டினாரு. காய்ஞ்சு போய் இருக்கு. அப்பாவோடது காயல, ஒண்ணு மட்டும் ஒல்லி!"

அவளுக்குப் பின்னால் சிலுவைராஜ் வந்தார், ஒரு தோளில் மேரியின் புத்தகப்பை, மறுகையில் தண்ணீர்ப் போத்தல். மூச்சு வாங்கியது. முகம் முழுக்கச் சிரிப்பு.

"லேட்டாயிடுச்சா? ஜாடிகிட்ட நின்னுட்டோம். ஒரு மணிக்குக் கதவு திறக்கிறப்ப நான் அங்கதான் நின்னேன். முதல் ஆளு நான்தான், மேரியையே கேளு."

"முதல் ஆளு!" என்றாள் மேரி.

அவர் இடது கையை விரித்துக் காட்டினார். வியர்வையில் கடிகாரம் கலைந்து நீலமாகப் பரவியிருந்தது. கதவு இல்லை, பின்னல் இல்லை.

"பாதி வழியிலேயே அழிஞ்சிடுச்சு பிரிஜட்" என்றார். "ஆனா பாக்கத் தேவைப்படல."

பிரிஜட் சிரித்தாள். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபோதுதான், மூடிய கைக்குள் வாய் திறந்து கிடந்த ஊக்கு சுருக்கென்று குத்தியது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

அல்போன்சம்மாள் மேரியின் அவிழ்ந்த பின்னலை மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள். மிகவும் மெதுவாக, தலை நிமிராமல்.